மொசெல் பள்ளத்தாக்கு: ரீஸ்லிங் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு மதிப்புரை

ஜெர்மனியின் மொசெல் ஆற்றங்கரைக்கு, ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையின் ஒயினைச் சுவைக்கப் போய்த் திரும்புகிறவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "எல்லாமே இனிப்பு." இது அந்த ஊருக்குச் செய்யும் அநியாயம். இனிப்பே இல்லாத ஒயின் அங்கே அநேகமாக எல்லாப் பண்ணையிலும் கிடைக்கிறது. இனிப்புள்ளவையும், வரிசை தெரிந்து குடித்தால், உலகத்தில் வேறெங்கும் இந்தச் சுத்தத்தோடு கிடைக்காதவை. லேபிளில் எதைப் பார்ப்பது, எதை முதலில் கேட்பது, எந்த ஊரில் தங்குவது என்ற மூன்றும் தெரியாமல் போனால் அழகான மலையும் ஆறும் பார்த்த திருப்தி மட்டும்தான் மிஞ்சும்.

மொசெல் பிரான்சின் வோஜ் மலையில் பிறந்து, லக்சம்பர்க் எல்லையைத் தொட்டு, கோப்லென்ஸ் நகரில் ரைன் ஆற்றோடு கலக்கிறது. பெர்ல் என்ற ஊரில் தொடங்கும் ஜெர்மன் பகுதி முழுவதும் ஒயின் நிலம்தான். சார், ரூவர் என்ற இரு துணை ஆறுகளின் கரைகளும் இதில் சேர்த்தி. 2007 வரை லேபிளில் 'மொசெல்-சார்-ரூவர்' என்று மூன்று பெயரும் இருந்தன, இப்போது 'மொசெல்' மட்டும். மேல்பகுதி சுண்ணாம்பு நிலம், அங்கே எல்ப்ளிங் என்ற பழைய திராட்சை இனம் அதிகம். வெயில் நாளில் குளிரக் குடிக்க நல்லது, அதற்காகவே தனியாகப் போகத் தேவையில்லை. கீழ்ப்பகுதியில் செல் ஊரிலிருந்து கோப்லென்ஸ் வரை சிறு சிறு படித்தோட்டங்கள். நடுப்பகுதிதான் மையம். முதல்முறை போகிறவர்கள் பெர்ன்காஸ்டல்-கூஸ், கிராக், வேலன், செல்ட்டிங்கன், உர்ட்சிக், எர்டன் என்று அடுத்தடுத்து வரும் ஊர்களோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. கோஹெமில் ஒருநாள், ட்ரியரில் ஒருநாள் என்று பிரித்துக்கொண்டு ஓடினால் எந்தச் சரிவும் மனதில் நிற்காது. ஒரே இனம், ஒரே ஆண்டு, பக்கத்துப் பக்கத்துச் சரிவுகள், ஆனால் வேறு வேறு சுவை. மொசெலின் முழு அதிசயமும் அதில்தான் இருக்கிறது. அதைப் பிடிக்க இரண்டு முழு நாளாவது ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

சுவைப்பதற்கு முன் சரிவில் ஏறி நடந்துவிடுங்கள். இது 50 டிகிரி வடக்கு அட்சரேகையை ஒட்டிய குளிர் நாடு. சமதளத்தில் நட்டால் ரீஸ்லிங் சரியாகப் பழுக்காது. தெற்கும் தென்மேற்கும் பார்த்த செங்குத்துச் சரிவு வெயிலை நேராக வாங்குகிறது. தரையெல்லாம் சிலேட்டுக் கல். பகலில் வாங்கிய சூட்டை அது இரவில் கொடிக்குத் திருப்பித் தருகிறது. மழைநீரைத் தேங்கவிடாமல் வடிக்கிறது. ஆறு பாம்புபோல வளைந்து வளைந்து போவதால் வெயில் பார்த்த சரிவு ஒரு வளைவில் வலக்கரையில் இருக்கும், அடுத்த வளைவில் இடக்கரைக்கு மாறிவிடும். வேலன் ஊர் ஒரு கரையில், அதன் புகழ்பெற்ற 'சோனன்ஊர்' தோட்டம் எதிர்க்கரையில் இருப்பதற்குக் காரணம் இதுதான். அந்தத் தோட்டத்தின் பெயருக்குக் காரணமான சூரியக் கடிகாரம் 1842-இல் பாறையில் அமைக்கப்பட்டது. இன்றும் சரிவின் நடுவில் நிற்கிறது, பாதை வழியாகப் போய்ப் பார்க்கலாம்.

பழைய தோட்டங்களில் கம்பி கிடையாது. ஒவ்வொரு கொடிக்கும் தனிக் கழி. கிளைகளை வளைத்து இதய வடிவில் அதோடு கட்டியிருப்பார்கள். டிராக்டர் ஏற முடியாத இடத்தில் ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் சிறு வண்டிதான் ஆளையும் கூடையையும் ஏற்றி இறக்குகிறது. கவாத்து, தழை நீக்கல், அறுவடை எல்லாமே கைவேலை. பாட்டில் விலையை முணுமுணுப்பதற்கு முன் இந்தச் சரிவில் ஒருமுறை ஏறி இறங்கினால் போதும். பிரெம் ஊரின் கால்மோன்ட் சரிவு 65 டிகிரி வரை செங்குத்து; பிரெம்முக்கும் எடிகர்-எல்லருக்கும் நடுவே ஏணியும் இரும்புக் கயிறும் பிடித்துப் போகும் பாதை இருக்கிறது. தலைசுற்றல் உள்ளவர்களுக்கு அது வேண்டாம். யாராக இருந்தாலும் ஒயின் குடித்தபின் கூடவே கூடாது. நடுப்பகுதிச் சரிவுகளில் சாதாரணமாக நடக்கலாம். ஆனால் உதிரிச் சிலேட்டு காலடியில் வழுக்கும், மழைக்குப் பின் இன்னும் மோசம். கணுக்காலைப் பிடிக்கும் காலணி தேவை. நிழலே இருக்காது, கோடையில் காலை பத்து மணிக்குள் ஏறிவிடுவது நல்லது, தண்ணீரும் கையோடு வேண்டும்.

போக்குவரத்தில் ஒரு சிக்கல். கோப்லென்ஸ்–ட்ரியர் ரயில் கோஹெம் தாண்டிப் புல்லாய் பக்கம் வரைதான் ஆற்றோடு வருகிறது, பிறகு விலகிவிடுகிறது. பெர்ன்காஸ்டலுக்கு ரயிலே இல்லை. விட்லிஷ் நிலையத்தில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும், அல்லது புல்லாயில் மாறிக் கிளை ரயிலில் ட்ராபன்-ட்ரார்பாக் போய் அங்கிருந்து பஸ்ஸோ சைக்கிளோ. மாலையிலும் ஞாயிறன்றும் பஸ் குறைவு. திரும்பும் பஸ்ஸின் நேரத்தைக் காலையிலேயே பார்த்து வைக்காதவர்கள் டாக்சிக்குக் கணிசமாகக் கொடுக்க நேரும். கரையோரச் சைக்கிள் பாதை ஏறக்குறையச் சமதளம், இரு கரையிலும் ஊர்களைத் தொட்டுக்கொண்டு போகிறது. எங்கள் பரிந்துரை சைக்கிள்தான், ஒரு எச்சரிக்கையோடு: கார் ஓட்ட ரத்தத்தில் ஆல்கஹால் 0.5 புரோமில் (ஆயிரத்தில் 0.5 பங்கு) வரம்பு, 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் புதிதாக உரிமம் பெற்றவர்களுக்கும் பூஜ்யம். சைக்கிளுக்கு 1.6 என்று எண் பெரிதாகத் தெரிந்தாலும், தடுமாறி ஓட்டினாலோ விபத்தில் சிக்கினாலோ அதற்கு வெகு கீழேயே வழக்கு வரும். நடைப் பிரியர்களுக்கு பெர்லிலிருந்து கோப்லென்ஸ் வரை 365 கிலோமீட்டருக்கு 24 கட்டங்களாகப் போகும் 'மொசெல்ஸ்டைக்' பாதை இருக்கிறது. ஒரு கட்டத்தை மட்டும் எடுத்து நடந்தாலே போதும்.

பெர்ன்காஸ்டலின் பழைய சந்தை சதுக்கமும் மரச்சட்ட வீடுகளும் அழகுதான். ஆனால் நண்பகலில் கப்பல்களிலும் பஸ்களிலும் வரும் கூட்டத்தில் அங்கே நிற்க முடியாது. சதுக்கத்தைச் சுற்றிய கடைகளில் கிளாஸ் கணக்கில் ஊற்றித் தருவது பெரும்பாலும் சாதாரணச் சரக்கு. இனிப்பு தூக்கலாக, புளிப்பு மங்கலாக இருக்கும். "எல்லாமே இனிப்பு" என்ற முடிவுக்குப் பலர் வருவது இங்கேதான். தங்குவதற்கு எதிர்க்கரைக் கூஸ், அல்லது கிராக், வேலன், செல்ட்டிங்கன் போன்ற சிற்றூர்கள் மேல். ஒயின் குடும்பங்களே மாடியில் அறை வைத்திருக்கிறார்கள். அறை எளிமை, காலை உணவு தாராளம், மாலையில் அவர்கள் பாதாள அறையை அவர்களே திறந்து காட்டுவார்கள். செப்டம்பர் முதல் வார இறுதியில் பெர்ன்காஸ்டலில் ஒயின் திருவிழா. அந்த நாட்களுக்கு மாதக்கணக்கில் முன்பே அறை பிடிக்க வேண்டும். அமைதியாகச் சுவைக்க வருகிறவர்கள் அந்த வாரத்தைத் தவிர்க்கலாம்.

இனி லேபிள். காபினெட், ஷ்பேட்லேஸ, ஔஸ்லேஸ என்ற சொற்கள் இனிப்பின் அளவைக் குறிப்பவை என்று பலரும் நம்புகிறார்கள். அவை அறுவடையின்போது பழம் எவ்வளவு பழுத்திருந்தது என்பதை, அதாவது சாற்றின் சர்க்கரைச் செறிவைக் குறிப்பவை. அதை எக்ஸ்லே என்ற அளவையில் சொல்வார்கள். அந்தச் சர்க்கரை எவ்வளவு நொதித்தது, எவ்வளவு மிஞ்சியது என்பது வேறு கேள்வி. 'ஷ்பேட்லேஸ ட்ரோக்கன்' என்று இருந்தால் அது இனிப்பில்லாத ஒயின். ட்ரோக்கன் என்ற சொல் இருந்தால் மிச்சச் சர்க்கரை லிட்டருக்கு 9 கிராமைத் தாண்டக் கூடாது, அதற்கேற்ற புளிப்பும் இருக்க வேண்டும். ஹால்ப்ட்ரோக்கன் என்றால் 18 கிராம் வரை. 'ஃபைன்ஹெர்ப்' என்பதற்குச் சட்ட எல்லை இல்லை; நடுத்தரம் என்று கொள்ளலாம், பண்ணைக்குப் பண்ணை மாறும்.

இத்தனையும் நினைவில் நிற்காவிட்டால் ஒரே ஒரு எண்ணைப் பாருங்கள்: ஆல்கஹால் சதவீதம். ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை நொதித்தால் ஒரு லிட்டரில் ஒரு சதவீத ஆல்கஹால் உண்டாகிறது. முழுக்க நொதித்திருந்தால் 11 சதவீதம் வந்திருக்க வேண்டிய சாற்றை 8-இல் நிறுத்தினால், மூன்று பதினேழு, அதாவது ஐம்பது கிராமை ஒட்டிய சர்க்கரை உள்ளே மிஞ்சியிருக்கிறது. ஆகவே மொசெல் ரீஸ்லிங்கில் 7.5 முதல் 9 வரை என்றால் தெளிவான இனிப்பு. 10, 11 பக்கம் என்றால் நடுத்தரம். 12-ஐத் தொட்டால் பெரும்பாலும் ட்ரோக்கன். கடை அலமாரியின் முன் நிற்கும்போது இதைவிடக் கைகொடுக்கும் குறிப்பு வேறில்லை.

அடுத்தது ஊர்ப் பெயரில் உள்ள கண்ணி. 1971-இன் ஒயின் சட்டம் தனித் தோட்டம், பெருந்தோட்டத் தொகுதி என இரண்டையும் உருவாக்கியது. லேபிளில் இரண்டும் ஒரே மாதிரி எழுதப்பட்டு வந்திருக்கின்றன. 'பீஸ்போர்ட்டர் கோல்ட்ட்ரோப்ஷன்' என்பது பீஸ்போர்ட் ஊரின் உயர்ந்த தனிச்சரிவு. 'பீஸ்போர்ட்டர் மிகெல்ஸ்பெர்க்' என்பது பல ஊர்களைச் சேர்த்த தொகுதி. உள்ளே இருப்பது பீஸ்போர்ட் சரிவில் விளைந்ததாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. செல் ஊரின் 'ஷ்வார்ட்ஸ காட்ஸ', பெர்ன்காஸ்டலின் 'பாட்ஷ்டூப' ஆகியவையும் தொகுதிப் பெயர்கள்தான். மூடியில் கழுகுச் சின்னம் இருந்தால் வி.டி.பி. என்ற பண்ணையாளர் சங்கத்தைச் சேர்ந்தது. அவர்களுடைய உயர்ந்த தோட்டங்களின் 'கிரோசெஸ் கெவெக்ஸ்' வகை எப்போதுமே ட்ரோக்கன். சங்கத்தில் சேராத அருமையான பண்ணைகளும் உண்டு, கழுகு இல்லை என்பதற்காகக் கடந்துபோக வேண்டாம்.

லேபிளின் ஓரத்தில் ஏ.பி. என்று தொடங்கும் நீண்ட எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் ஒயினை அரசுப் பரிசோதனைக்குக் கொடுத்த ஆண்டு. அதற்கு முந்தைய இலக்கங்கள் அந்தப் பண்ணையின் வரிசை எண். ஒரே பண்ணை, ஒரே தோட்டம், ஒரே ஆண்டு, ஒரே பெயர், ஆனால் இரண்டு வெவ்வேறு பீப்பாய் என்று விற்கும் இடங்களில் பிடித்ததை அடையாளம் காண இந்த எண்தான் வழி. சுவைக்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

பண்ணைகளில் சுவைக்கப் பெரும்பாலும் முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். மின்னஞ்சலில் நாள், நேரம், எத்தனை பேர், ட்ரோக்கனா இனிப்பா இரண்டுமா என்று எழுதினால் போதும். ஞாயிறன்று பலர் கதவைத் திறப்பதில்லை. செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முழுவதும் அறுவடை. அப்போது உட்கார்ந்து பேச யாருக்கும் நேரம் இருக்காது. ஒரு நாளுக்கு இரண்டு பண்ணை, காலை ஒன்று மாலை ஒன்று. மூன்றாவதற்கு நாக்கு மரத்துவிடும். கட்டணம் வைத்திருக்கும் பண்ணைகள் பாட்டில் வாங்கினால் அதைக் கழித்துக்கொள்வது வழக்கம். கட்டணமே இல்லாத சிறு பண்ணையில் ஒரு மணி நேரம் செலவழித்துவிட்டு வெறுங்கையோடு எழுந்து வருவது அழகல்ல, இரண்டு பாட்டிலாவது வாங்குங்கள். சிறு இடங்களில் வெளிநாட்டு அட்டை ஓடாமல் போகலாம். பையில் ரொக்கம் இருக்கட்டும்.

வரிசை மிக முக்கியம். ட்ரோக்கன், ஃபைன்ஹெர்ப், பிறகு ட்ரோக்கன் என்று போடாத காபினெட், ஷ்பேட்லேஸ, ஔஸ்லேஸ என்று இனிப்பு ஏறுமுகமாகப் போக வேண்டும். இனிப்பைக் குடித்தபின் ட்ரோக்கனுக்குத் திரும்பினால் அது வெறும் புளித்தண்ணீராகத் தெரியும். நல்ல ஒயின் மீது வீண்பழி. ஊற்றுவது 50 மில்லி என்றால் பத்து வகைக்கு அரை லிட்டர், ஒரு பாட்டிலில் மூன்றில் இரண்டு பங்கு. எல்லாவற்றையும் விழுங்கினால் ஆறாவது கிளாசுக்கு மேல் வித்தியாசம் புரியாது. துப்புவதற்கு மேஜையில் ஜாடி இருக்கும், இல்லையென்றால் கேளுங்கள்; யாரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், மாறாக விஷயம் தெரிந்தவர் என்று கூடுதலாக ஒரு பாட்டிலைத் திறப்பார்கள். அன்று வாசனைத் திரவியம் பூச வேண்டாம். பல் தேய்த்த கையோடு சுவைக்கவும் வேண்டாம். இடையில் ரொட்டி, தண்ணீர்.

கிளாஸ் மிகவும் குளிர்ந்திருந்தால் மணம் எழாது, உள்ளங்கையால் பற்றிக் கொஞ்சம் காத்திருங்கள். 8 முதல் 10 டிகிரி போதும், ட்ரோக்கன் பெரிய ஒயின்களுக்கு இன்னும் இரண்டு டிகிரி கூடலாம். இளம் ஒயினில் தீக்குச்சி உரசிய வாடையோ முட்டை வாடையோ வந்தால் உடனே தள்ளிவைக்க வேண்டாம். தோட்டத்து ஈஸ்ட்டிலேயே தானாக நொதிக்கவிடும் பண்ணைகளில் இது இயல்பு. சில முறை சுழற்றிப் பத்து நிமிடம் விட்டால் பெரும்பாலும் பறந்துவிடும். ஈர அட்டைப்பெட்டி வாடை வந்தால் மட்டும் அது தக்கையின் கோளாறு, எவ்வளவு நேரம் விட்டாலும் போகாது. சொன்னால் வேறு பாட்டில் திறப்பார்கள். அடியில் கண்ணாடித் தூள்போல் மின்னுவது டார்டாரிக் அமிலத்தின் படிகம், தீங்கில்லை. பத்தாண்டு தாண்டிய ரீஸ்லிங்கில் மெல்லிய மண்ணெண்ணெய் வாடை வரும். சிலருக்குப் பிடிக்காது, ரசிகர்கள் அதற்காகவே முதிரவிடுகிறார்கள்.

சுவைப்பில் தேட வேண்டியது புளிப்புக்கும் இனிப்புக்கும் நடக்கும் இழுபறி. நல்ல காபினெட்டை விழுங்கியபின் நாக்கில் பிசுபிசுப்பு நிற்காது. வாய் ஊறும், அடுத்த மடக்கு கேட்கும். இனிப்பு தனியாக நாக்கில் படிந்து நின்றால் அது சுமாரான சரக்கு, பெயர் என்னவாக இருந்தாலும் சரி. வேலன், கிராக் பக்கத்து நீலச்சாம்பல் சிலேட்டில் பச்சை ஆப்பிளும் வெள்ளைப் பீச்சும் மெலிதாக வரும். உர்ட்சிகின் 'வுர்ட்ஸ்கார்டன்' சிவப்பு மண்ணில் மசாலா நெடி தூக்கல். இவ்விரண்டையும் ஒரே ஆண்டு காபினெட்டாக, ஒரே பண்ணையில், பக்கத்தில் பக்கத்தில் ஊற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். மொசெலில் செய்யக்கூடிய மிகச் சிறந்த சுவைப்பு இது; விலை உயர்ந்த ஔஸ்லேஸ எதுவும் இதற்கு ஈடாகாது. ஐஸ்வைன் கேட்பவர்களுக்கு: பழம் கொடியிலேயே மைனஸ் 7 டிகிரிக்குக் கீழ் உறைந்தால்தான் அந்தப் பெயர் போட முடியும். எல்லாக் குளிர்காலத்திலும் அது அமைவதில்லை, ஆகவே பாட்டில் அரிது, விலை கடுமை.

மாலைக்கு ஷ்ட்ரௌஸ்விர்ட்ஷாஃப்ட். வாசலில் துடைப்பமோ தழைக்கொத்தோ தொங்கினால் திறந்திருக்கிறது என்று பொருள். ஒயின் குடும்பம் தன் வீட்டிலோ முற்றத்திலோ தன் சொந்த ஒயினை மட்டும் ஊற்றும் இடம். ஆண்டுக்கு நான்கு மாதம்தான் திறக்கலாம், 40 இருக்கைக்கு மேல் கூடாது என்று விதி. மொசெலில் பணத்துக்கு மிக நல்ல மதிப்பு இங்கேதான். சாப்பாடு எளிது: ரொட்டி, சீஸ், தொத்திறைச்சி, ஃப்ளாம்குகன் என்ற மெல்லிய சுட்ட அடை. சைவ உணவுக்காரர்கள் கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டும். வெங்காயம் வைத்துச் சுட்ட பலகாரம் என்று எழுதியிருந்தாலும் உள்ளே பன்றி இறைச்சித் துண்டு இருப்பது சகஜம். இலையுதிர் காலத்தில் 'ஃபெடர்வைசர்' தருவார்கள்: பாதி நொதித்த, கலங்கலான புதுச்சாறு. அதன் மூடி வாயு வெளியேறுவதற்காக இறுக்கப்படாமல் இருக்கும். படுக்க வைத்துப் பையில் போட்டால் துணியெல்லாம் நனைந்துவிடும். அங்கேயே குடித்துவிடுவதுதான் சரி. செப்டம்பரில் சரிவோரத்து மரங்களில் பழுக்கும் சிவப்புப் பீச்சின் ஜாமும் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

வாங்குவதில் காபினெட்டுக்கும் ஷ்பேட்லேஸவுக்கும் முன்னுரிமை கொடுங்கள். நல்ல பண்ணைகளிலும் இவை எட்டாத விலையில் இல்லை; புகழ்பெற்ற பண்ணையின் கிரோசெஸ் கெவெக்ஸ் அதே பணத்தில் கிடைக்காது. பெர்ன்காஸ்டலுக்கு மேலே உள்ள 'டாக்டர்' தோட்டம் சுமார் மூன்று ஹெக்டேர்தான். அதன் ஒயினின் விலையில் பெரும்பங்கு பெயருக்கு. பக்கத்து கிராகின் சரிவுகளில் அதே பணத்துக்கு இரண்டு பாட்டிலுக்கு மேல் வரும், தரத்தில் பெரிய நஷ்டம் இல்லை. ஒரு பாட்டில் ஏறக்குறைய 1.2 கிலோ. கைப்பையில் ஏற்ற முடியாது. பண்ணையில் கேட்டால் குழிவைத்த அட்டைப்பெட்டி தருவார்கள், அதோடு பெரிய பெட்டியின் நடுவில் துணி சுற்றி வையுங்கள். மொசெலின் பாட்டில் மெலிந்து உயரமானது, கழுத்துதான் முதலில் உடையும். அந்தப் பக்கத்துக்குக் கூடுதல் துணி. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள் ஒரே கடையில் 50 யூரோவுக்கு மேல் வாங்கினால் விற்பனை வரியைத் திரும்பக் கேட்கலாம். அதற்கான படிவத்தைப் பண்ணையிலேயே வாங்க வேண்டும். பாட்டிலைச் சுங்க அதிகாரியிடம் காட்டி முத்திரை வாங்கியபிறகுதான் பெட்டியை விமானத்தில் ஏற்ற வேண்டும். வரிசை மாறினால் முத்திரையும் கிடைக்காது, பணமும் வராது.

போகும் மாதம்: மே, ஜூன், அல்லது செப்டம்பர் முதல் பாதி. மே மாதத்தில் புதிய ஆண்டின் ஒயின்கள் பாட்டிலுக்கு வரத் தொடங்கியிருக்கும், பண்ணையாளர்களுக்கும் பேச நேரம் இருக்கும். நவம்பரிலிருந்து மார்ச் வரை பாதிக் கதவு மூடியிருக்கும். ஆறு பெருகினால் கரையோரச் சாலையும் சைக்கிள் பாதையும் தண்ணீருக்குள் போய்விடும்.